விச்சையின் கைராசி

மகாச்சாய் ஊரின் மீன் சாஸ் ஆலையில், நிரப்பும் மிஷினில் ஒரு பாட்டில் நிரம்பி வழிந்தது, அடுத்தது குறைந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள அளவு சீராகலைன்னா மிஷினை நிறுத்திட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்," என்றுவிட்டார் முதலாளி.

மேற்பார்வையாளர் விச்சை சாப்பிடக்கூடப் போகவில்லை. அளவு குறைந்தால் மிஷினின் அளவுக் குமிழை வலப்பக்கம், கூடினால் இடப்பக்கம் என்று பாட்டிலுக்குப் பாட்டில் திருகிக்கொண்டே இருந்தார். வாசலில் காவல் தெய்வத்துக்கு வைத்திருந்த குட்டி மாடத்தில் சிவப்பு சோடா படைத்துக் கும்பிட்டார்.

"அண்ணே, கொஞ்சம் கையை எடுங்க. அது தானா எப்படி ஓடுதுன்னு முதல்ல பாப்போம்," என்றாள் மிஷின் ஓட்டும் லம்யாய்.

"சும்மா இரும்மா! கையை எடுத்தா நாம தெருவுலதான் நிக்கணும்!"

புதன்கிழமை அளவு சீரானது. வியாழனும் அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை முதலாளி அளவுத் தாளைப் பார்த்துவிட்டு விச்சையின் தோளில் தட்டினார்.

"மூணு நாளா இந்தக் குமிழை விட்டு நான் கையே எடுக்கலை முதலாளி!" என்று விச்சை அழுதேவிட்டார்.

முதலாளி வெளியே போனார். லம்யாய் தன் மேலங்கிப் பையிலிருந்து ஒரு சின்ன போல்ட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"குமிழை மிஷினோட சேர்க்கிற போல்ட்டுண்ணே. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே கழட்டிட்டேன்."