காத்து யாவாரம்

"குதிரையையும் வித்துருவோம் உபைது," என்றாள் சம்சாத். "இனி அத வச்சு என்ன செய்ய? ஏறிப் போறதுக்கு ஆளில்ல."

உபைதுல்லா தலையைச் சொறிந்தான். "இருந்துட்டுப் போகட்டுமே மாமி. தீனியா கேக்குது?"

தீனி கேட்காத குதிரைதான். சிவகாசியில் உபைதுல்லா நடத்தும் பிரவுசிங் சென்டரில், மூலையில் இருந்த கம்ப்யூட்டருக்குள் அது நின்றுகொண்டிருந்தது. சம்சாத்தின் மகன் தவுபிக், ஒரு ஆன்லைன் விளையாட்டில் வாள், கேடயம், குதிரை என்று மலிவாகக் கிடைப்பதை வாங்கிப் போட்டு, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு லாபம் வைத்து விற்றுவந்தான். போன தீபாவளி சீசனில், விருதுநகர் ரோட்டில் அவன் பைக் லாரியில் மோதியது. அவன் போய்விட்டான், சரக்கு நின்றுவிட்டது.

சம்சாத் அன்றைக்கு அழவில்லை. இன்றுவரை அழவில்லை. சோறு பொங்கினாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். உள்ளே ஏதோ மரத்துப் போயிருந்தது, கிள்ளினாலும் தெரியாது போல.

மரத்துப் போகாமல் மிஞ்சியது ஒரு கோபம் மட்டும்தான். அது புருஷன் முகம்மது யூசுப் மேல். பட்டாசுக் கடை வைத்திருந்த யூசுப்புக்கு மகனின் தொழில் என்றாலே இளக்காரம். "காத்த வித்துக் காசு பாக்கானாம் எங்க தொரை," என்று கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தவுபிக் காதில் விழும்படியே சொல்வார்.

மகனை அடக்கம் செய்த அதே வாரத்தில், அவன் சட்டை, பேண்ட், செருப்பு வரைக்கும் மூட்டை கட்டிப் பள்ளிவாசலில் கொடுத்துவிட்டார். கடையில் சங்குசக்கரம் கடைசிப் பெட்டி என்றால் என்ன விலை கொடுத்தாலும் தரமாட்டார், கடையைத் துடைக்கக் கூடாது என்பார். அப்படிப்பட்ட மனுஷன் பெற்ற பிள்ளையின் அலமாரியை ஒரே நாளில் துடைத்துவிட்டார். அதன்பிறகு அவன் பெயரையே எடுக்கவில்லை. அவளும் சோறு, குழம்பு என்பதைத் தாண்டி அவரிடம் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

மகன் விட்டுப்போன சரக்கை விற்க வேண்டும். வருகிற லாபத்தை அவர் முன்னால் வைத்து, ஒங்க மகன் வித்தது காத்தில்ல என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சம்சாத்துக்கு வேண்டியது அவ்வளவுதான்.

லேபிள் அச்சடிக்கிற விஷயமாக யூசுப் திருத்தங்கல் போகிற நாட்களாகப் பார்த்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு உபைதுல்லாவின் சென்டருக்கு வருவாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விலையைச் சொல்வாள், உபைதுல்லா அதைத் தட்டுவான். நல்லவேளையாக, இதுவரை விற்றதையெல்லாம் ஒரே ஆள்தான் வாங்கினான். மலேசியா என்றான் உபைதுல்லா. சொன்ன விலைக்கு மறுபேச்சுப் பேசாத மகராசன்.

"மலேசியாக்காரன் வந்துட்டானா?"

"வந்துட்டாக மாமி."

திரையில் தவுபிக்கின் சரக்குப் பை விரிந்தது. குவியல் குவியலாகக் கிடந்ததெல்லாம் போய், ஒரு வாள், ஒரு கேடயம், ஒரு வில் என்று ஒவ்வொன்றுதான் கிடந்தது. நடுவில் அந்த வெள்ளைக் குதிரை. அதை வாங்கிய அன்று, "வாங்குன வெலைக்கு மூணு மடங்குக்கு விக்கிறேன் பாரும்மா, அத்தா வாயடச்சுப் போவாரு," என்று தவுபிக் சொன்னது அவள் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததே தவிர, கண்ணில் ஒன்றும் வரவில்லை.

"மூணு மடங்கு போடு," என்றாள்.

உபைதுல்லா தட்டினான். வழக்கமாக உடனே வருகிற பதில் இன்றைக்கு வரவில்லை. பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள், மின்விசிறி கடகடத்தது. கடைசியில் ஒரு வரி வந்தது.

"குதிர வேணாமாம் மாமி."

"வெல கூடிப் போச்சோ? கொறச்சுத்தான் கேட்டுப் பாரேன்."

"வெலைக்காக இல்ல," என்ற உபைதுல்லா, அவள் முகத்தைப் பார்க்காமல் மேசை டிராயரைத் திறந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துக் கொடுத்தான். "இதுவரைக்கும் வித்த காசு அம்புட்டும் இருக்கு. வீட்டுக்குப் போங்க மாமி."

யூசுப் திருத்தங்கலிலிருந்து திரும்பி, கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். தட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் பையை வைத்தாள் சம்சாத்.

"என்னது?"

"லாபம். தவுபிக் விட்டுட்டுப் போன சரக்க வித்துட்டேன். காத்துன்னு சொன்னீகளே, எண்ணிப் பாருங்க."

தவுபிக்கின் பெயர் அந்த வீட்டுக்குள் கேட்டு வெகுநாளாகியிருந்தது. யூசுப் பையைத் திறக்கவில்லை. ஈரக் கையை அதன்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தையைச் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் சம்சாத்துக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. யாரிடம் விற்றாய், எப்படி விற்றாய் என்றாவது இந்த மனுஷன் கேட்பார் என்று நின்றாள்.

அவர் எதுவும் கேட்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"குதிரைய மட்டும் வித்துறாத சம்சாத். கடையத் துடைக்கக் கூடாது."