நெய்பவர் பெயர்

மைசூரில் பி.ஏ. இதழியல் படிக்கும் பிராமி, கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய முதல் பேட்டிக்காகச் சபாபதியின் தறிக்கு அருகில் நோட்டும் மைப்பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள். கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் காலை வெயிலில் அரக்குப் பட்டு மின்னுகிறது. சபாபதியின் வலக்கை கட்டுப்போட்டு மார்போடு தொங்குகிறது. தறியில் இருப்பவள் அவர் மனைவி அம்சவேணி. "நெய்யறவங்க பேரு?" என்று பிராமி கேட்கிறாள். "சபாபதின்னு போடும்மா. நெசவாளர் சங்கத்துலயும் அதான் இருக்குது" என்கிறார் அவர். பேனா தாளைத் தொட்டும் நகரவில்லை. "இந்தப் புடவைய யாருங்க நெய்யறாங்க?" என்கிறாள் மெதுவாக. தறிச் சத்தம் நிற்கிறது. சபாபதி தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "ரெண்டு மாசமா அவதான் நெய்துக்கினு இருக்கறா. அவ பேரையே போடும்மா." அம்சவேணி திரும்பவில்லை. ஊடைநூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தபடி, "மூணு சுழி ணி போடணும்மா" என்கிறாள்.