வாசற்படியில் கருங்கோட்டைப் பிரபு

தங்கபுஷ்பம் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குற்றாலத்தில் காலையிலிருந்தே சாரல். கணவர் முத்துக்குமாரசாமி பெட்டிகளை உள்ளே வைத்துவிட்டார். அம்மா வடிவம்மாள் அடுப்படியில் ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

“கதவைச் சாத்து புஷ்பம். பாயெல்லாம் நனையுதுல்லா?” என்றார் முத்துக்குமாரசாமி.

அவள் சாத்தவில்லை.

சீசனுக்கு வாடகைக்கு விடுகிற வீடு. பன்னிரண்டு வருஷம் குற்றாலத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காத அம்மா, இந்த ஆடியில் போகலாம் என்றாள். போனால் முன்பு தங்கிய அந்த வீடுதான் வேண்டும் என்றும் சொன்னாள்.

அப்போதெல்லாம் ஆய்க்குடியிலிருந்து நாலு பேராக வருவார்கள். அப்பா, அம்மா, தங்கபுஷ்பம், தங்கை குழல்வாய்மொழி. டிக்கெட் நாலுதான். ஆனால் குழலோடு கூடவே இன்னொருவரும் வருவார். கருங்கோட்டைப் பிரபு.

ஒரு வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த இரத்தக்காட்டேரித் தொடர்கதையின் நாயகர் அவர். வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா தென்காசியிலிருந்து பத்திரிகையோடு வந்து சேரும்வரை குழலு வாசலைவிட்டு நகரமாட்டாள். பன்னிரண்டு வயசில் பிரபுவின் சட்டதிட்டமெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஊருக்குக் கிளம்பிவிட்டால் அவளேதான் பிரபு; குடும்பமே அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

கட்டுச்சோற்றோடு பூண்டு ஊறுகாய் வரக்கூடாது.

ஓடுகிற தண்ணீரைப் பிரபு தானாகக் கடக்க முடியாது. யாராவது தூக்கித்தான் கடத்த வேண்டும். அதனால் பஸ் ஆற்றுப் பாலத்தைத் தொட்டதும், அவ்வளவு பெரிய பெண், அக்காவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

“எறங்குட்டி. தொடை கடுக்குது.”

“பாலம் முடியட்டும்க்கா. பிரபு செத்துருவாருல்லா?”

“ஒங்க பிரபு வீட்டுல பாத்திரம் வெளக்குதது யாருன்னு கேட்டுச் சொல்லு,” என்பாள் அம்மா, முன்சீட்டிலிருந்து திரும்பாமலே.

அருவியில் குளிக்கும்போது மட்டும் பிரபுவுக்கு லீவு.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்று உண்டு. வீட்டுக்குள் இருப்பவர் மூன்று தடவை ‘உள்ள வா’ என்று சொன்னால்தான் பிரபு படி தாண்டுவார். பஸ்ஸில் தொந்தரவு இல்லை. கண்டக்டரே “ஏறு, ஏறு, ஏறு” என்று மூன்று தடவை கத்துவார். குழலு ராஜநடையில் ஏறுவாள். பண்பொழியில் குத்தாலிங்கம் மாமா வீட்டில்தான் ஒருதடவை வம்பாகிவிட்டது. மாமா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, வேண்டுமென்றே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். குழலு திரும்பி, வந்த வழியே நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

மாமா பின்னாலேயே ஓடிப் பஸ் நிற்கிற இடத்தில் பிடித்தார். அங்கே வைத்து மூன்றாவதைச் சொன்னார். செல்லாது என்று சொல்லிவிட்டாள்.

“வீட்டுக்குள்ள நின்னு சொல்லணும் மாமா.”

மனிதர் மறுபடி வீட்டுக்கு ஓடினார். அதைச் சொல்லிச் சொல்லி அப்பா ஒரு வருஷம் சிரித்தார்.

எழுபத்தைந்தாம் வருஷம், இதே ஆடி. அருவியில் குளித்துவிட்டு எல்லோரும் திரும்பினார்கள். அப்பாவும் அம்மாவும் சிப்ஸ் வாங்கக் கடைத்தெருவில் நின்றுவிட்டார்கள். தலை துவட்டவேண்டும் என்று சாவியை வாங்கிக்கொண்டு தங்கபுஷ்பம் முன்னால் வந்தாள். குழலு அவளுக்குப் பின்னால் வந்தாள்.

அப்பாவும் அம்மாவும் வந்தபோது வீட்டில் தங்கபுஷ்பம் மட்டும் இருந்தாள். ஓட்டுத் தாழ்வாரத்தின் கீழ், காய்ந்த படியில், இரண்டு ஈரப் பாதம் பதிந்திருந்தது. விரல்கள் வீட்டைப் பார்த்திருந்தன. பக்கத்தில் குழலின் சோப்பு டப்பா.

சற்று நேரத்தில், மலைமேல் பெய்த மழை வெள்ளமாக அருவிக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் காலையில்தான் கிடைத்தாள். நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள்.

தொடர்கதை அதற்குப் பிறகும் பதினெட்டு வாரம் வந்தது. அப்பா ஒரு வாரமும் தவறாமல் வாங்கிவந்தார். யாரும் பிரிக்கவில்லை.

“படி வரைக்கும் வந்த பிள்ளை என்னத்துக்குத் திரும்பிப் போனா?”

அம்மா இதைக் கேட்காத நாளில்லை. துண்டை அருவியில் விட்டிருப்பாள், எடுக்கப் போயிருப்பாள் என்பார் அப்பா. துண்டு கொடியில்தான் கிடந்தது என்பது அவருக்கும் தெரியும். போன சித்திரையில் அந்தக் கேள்வியோடேயே அவரும் போய்ச் சேர்ந்தார்.

தங்கபுஷ்பம் உள்ளே தலை துவட்டிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. அன்றைக்குப் போலீஸ்காரரிடம் அவள் சொன்னது அவ்வளவுதான். அப்புறம் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

சாரல் இப்போது படிவரை வந்துவிட்டது. தங்கபுஷ்பம் நிலைக்கு உட்புறமாக ஓரடி பின்வாங்கி நின்றுகொண்டாள். வெளியே பார்த்துச் சொன்னாள்.

“உள்ள வா.”

முத்துக்குமாரசாமி எட்டிப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை.

அடுப்படியில் ஸ்டவ் சத்தம் நின்றது. வடிவம்மாள் வந்து மகளின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். வெகுநேரம் அடுத்ததுக்காகக் காத்திருந்தாள்.

“ஏட்டி,” என்றாள் கடைசியில், “அவளுக்கு மூணு தடவைல்லா சொல்லணும்?”

தங்கபுஷ்பம் திரும்பவில்லை.

“ரெண்டு தடவை அன்னைக்கே சொல்லிட்டேம்மா.”