அக்தர் பானு வீட்டுப் பின்சுவர்

கொத்தனார் மைதீன் ஆணியைக் கையில் எடுத்ததும் அக்தர் பானு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முந்தாநாள் பின்சுவர் இடுக்குகளில் அடைத்த காரையை அந்த ஆணியால் கீறிப் பார்ப்பார். ஆணி இறங்கவில்லை என்றால் வேலை முடிந்தது. கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு கடம்பூர் பஸ் ஏறிவிடுவார். அப்புறம் அவருக்கு எட்டயபுரத்தில் என்ன வேலை?

அந்தப் பின்சுவர் அவள் வாப்பா காலத்துக்கும் முந்தியது. செங்கல்லுக்கு ஒரு குறையும் இல்லை. இடுக்குகளில் இருந்த சுண்ணாம்புக் காரைதான் உதிர்ந்துபோய், பல்லிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. சிமெண்டை வைத்து அடைத்தால் பழைய செங்கல் பொரிந்துவிடும், சுண்ணாம்புதான் சரி என்று மைதீன் சொன்னார். ஒன்றே ஒன்று, அடைத்த பிறகு சாக்கை நனைத்துப் போட்டு ஈரம் காக்கவேண்டும். இந்தக் கரிசல் காட்டு வெயிலில் தண்ணீர் காட்டாத காரை மாவாக உதிர்ந்துவிடும்.

அவள் தண்ணீர் காட்டவில்லை.

முதல் தடவை, அல்லா அறிய, மறதிதான். உதிர்ந்ததைப் பார்த்து அவர் கோபிக்கவே இல்லை. என் கைவேலை, இதற்குக் கூலி வேண்டாம் என்று மறுபடி அடைக்க வந்தார். வரும்போது ஒரு போளிப் பொட்டலமும் வந்தது. அதற்கப்புறம் அவள் தண்ணீர் ஊற்றாததற்கு மறதியைக் குற்றம் சொல்ல முடியாது.

புருஷன் போய் எட்டு வருஷமாகத் தனியாக இருக்கிறவள். அவரும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். முதல் நாள் அண்ணாச்சி என்று கூப்பிட்டவள், போளிக்குப் பிறகு அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, கொத்தனாரே என்று மாற்றிக்கொண்டாள். சாரத்தில் நின்று அவர் முனகும் பாட்டுக்கு அடுப்படியில் இவள் தலை ஆடியது. நாற்பத்திரண்டு வயதில் குழம்பைக் கருகவிட்டுவிட்டுத் தனியாகச் சிரித்தாள். இந்நேரத்துக்கு இன்னொரு வீடே கட்டி முடித்திருக்கலாமே என்று பக்கத்து வீட்டுக் கற்பகம் கேலி பேசினாள். அதற்கும் சிரிப்புதான் வந்தது.

ஆனால் முந்தாநாள் உச்சி வெயிலில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்ததைப் பார்த்தபோது மனசு சுட்டது. ஒரு மனுஷனை இப்படியா வேலை வாங்குவது?

அவர் போனதும் சாக்கை நனைத்துச் சுவரில் தொங்கவிட்டாள். காயவே விடாமல் குடம் குடமாக ஊற்றினாள். சுவர் நிற்கட்டும், அவர் நிம்மதியாகப் போகட்டும் என்று மூக்கைச் சிந்திக்கொண்டே ஊற்றினாள். இன்று காலை கடைசிச் சாக்கை அவள் உருவி எடுக்கவும் அவர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

மைதீன் அவள் பக்கம் திரும்பாமல் நேரே சுவரிடம் போனார். ஆணியை இடுக்கில் வைத்தார்.

வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அடைத்ததெல்லாம் ஈரத்தோடு பொலபொலவென்று அவர் காலடியில் கொட்டியது.

அப்படி நடக்க வழியே இல்லை. அக்தர் பானு குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். வெற்றிலை போடுகிறவளுக்குச் சுண்ணாம்பின் காரம் தெரியாதா? நாக்கு சுருக்கென்று வெந்திருக்கவேண்டும்.

வேகவில்லை. ஆற்று மணலும், முதல் நாள் சுரண்டிப் போட்ட பழைய காரைப் பொடியும்தான் நரநரத்தன. சுண்ணாம்பு மருந்துக்குக்கூட இல்லை.

மைதீன் இன்னும் சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

"தண்ணி பத்தல போலுக்கு," என்றார். "நாளைக்கும் வரணும்."

அக்தர் பானு, சொட்டிக்கொண்டிருந்த சாக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"ஆமா கொத்தனாரே, நான் தண்ணியே ஊத்தல. காலைல வெள்ளனே வாங்க."