நூத்தி இருபதுக்கு முடி!

"யாரைக் கேட்டும்மா என் கடைக்கு எதிர்ல மேசையைப் போட்ட?"

பழக்கடை அக்கா போட்ட சத்தத்தில் டெய்லர் தையல் மெஷினை நிறுத்திவிட்டார்.

மேசைக்குப் பின்னால் நர்ஸம்மா. "இலவசமா பிரஷர் பார்க்கறோம், வாங்க வாங்க" என்று காலையிலிருந்து தொண்டை வறளக் கூப்பிட்டும் வந்தது இரண்டே பேர். மதியத்துக்குள் முப்பது பேராவது தேறாவிட்டால் இந்தத் தெருவுக்கு இனி முகாமே கிடையாதாம். ஸ்டூல் இரவல் கேட்டு வந்தபோது டெய்லரிடம் சொல்லி அழாத குறை.

'பாவம் அந்தப் பொண்ணு. இவ வேற!'

விருட்டென்று எழுந்தவருக்குக் கண்ணைக் கட்டியது. கதவைப் பிடித்துக்கொண்டார். பத்து நாளாக இப்படித்தான். தூக்கம் போதவில்லை என்று தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"கத்தாதீங்க அக்கா. உட்காருங்க, முதல்ல உங்களுக்கே பார்க்கறேன்."

"பாரு! எனக்கென்ன பயமா?"

கையில் பட்டையைச் சுற்றிப் புஸ் புஸ்ஸென்று காற்றடித்தாள் நர்ஸம்மா.

"நூத்தி எண்பது."

"என்னது, நூத்தி எண்பதா? அநியாயமா இருக்கே! நூத்திப் பத்துன்னு போடு."

"அக்கா, இது பிரஷர். தக்காளி இல்லை."

"சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். நூத்தி இருபதுக்கு முடி. நோட்டுல எழுது!"

சலூனிலிருந்து பாதி முகத்து நுரையோடு ஒருவர் ஓடிவந்தார். பின்னாலேயே கத்தியோடு சலூன்காரர். மாடிப்படியெல்லாம் தலைகள்.

"குடுத்துடும்மா நூத்தி இருபதுக்கு! தினம் பார்க்கிற முகம்!" என்றார் நுரைக்காரர்.

"நூத்தி எழுபத்தொன்பதுகூடக் கிடையாது!" நர்ஸம்மாவும் விடவில்லை.

தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"அப்போ உன் மெஷின்தான் ஓட்டை!"

டெய்லருக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"நீ பழம் நிறுக்கிற தராசுதான் ஓட்டை! மெஷின் மேல ஏன் பழி போடற? இந்தாம்மா, என் கையில கட்டு. சரியா காட்டுதா இல்லையான்னு எல்லாரும் பார்க்கட்டும்!"

காற்று ஏறியது. இறங்கியது. நர்ஸம்மா இன்னொரு தடவை அடித்துப் பார்த்தாள்.

"இருநூத்திப் பத்து."

"டெய்லர் ஜெயிச்சுட்டார்!" என்று கைதட்டினார் நுரைக்காரர்.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. "அண்ணே, தலை சுத்துதா?"

"அது... ஒரு பத்து நாளா..."

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. கடையை நாங்க பார்த்துக்கறோம்."

யாரோ வண்டி பிடித்தார்கள். டெய்லர் ஏறியபோது தெருவில் சிரிப்புச் சத்தமே இல்லை. மேசைக்கு முன்னால் வரிசை சலூன் வரைக்கும் நீண்டிருந்தது. நுரைக்காரர் நுரையோடேயே நின்றார்.

மூன்று நாள் கழித்து, மாத்திரைப் பையோடு வந்து இறங்கினார் டெய்லர். வீட்டுக்குப் போகவில்லை. நேரே பழக்கடைக்கு நடந்தார். அந்தப் பொண்ணைப் பேசின பேச்சுக்கு இவளை மன்னிப்புக் கேட்க வைக்காமல் விடுவதில்லை.

பழக் குவியலுக்குப் பின்னால் இரண்டு குரல்கள். ஒன்று நர்ஸம்மா!

"நாற்பத்திமூணு பேர் அக்கா! முகாம் தொடர்ந்து நடக்கட்டும்னு சொல்லிட்டாங்க."

"ஒழுங்கா கூப்பிட்டா எவன் வர்றான்? சண்டைன்னா கடையைத் திறந்து போட்டுட்டு ஓடி வருவானுங்க. அந்த டெய்லர் பத்து நாளா சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடக்கறார். பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா?"

"உங்களுக்கு நிஜமாவே நூத்தி இருபதுதான் அக்கா. நூத்தி எண்பதுன்னு பொய் சொல்லிட்டு எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. சரி, நாளைக்கு மார்க்கெட் தெருவுல முகாம். எத்தனை மணிக்குச் சண்டைக்கு வர்றீங்க?"

"பத்து மணிக்கு. இந்தத் தடவை இருநூறுலருந்து ஆரம்பி. பேரம் பேச எனக்கு இடம் வேணாமா?"