முகப்பை மட்டும் தொடாதே

"முதல்ல என்னை இடி. அப்புறம் இதை இடிக்கலாம்!"

ஓங்கிய சம்மட்டியோடு மேஸ்திரி அப்படியே நின்றுவிட்டார். முன்பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார் அந்த அம்மா. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். குரலுக்கு மட்டும் இருபது.

"இஞ்சினியர் படம் கொடுத்திருக்காரும்மா. ஓட்டுக் கூரையைப் பிரிச்சுட்டு, முன்னால நேரா கண்ணாடிச் சுவர் ஏத்தணும்."

"கண்ணாடிச் சுவரா? இது வீடா, செல்போன் கடையா? உடைஞ்ச ஓட்டை மாத்து, உளுத்த மரத்தை மாத்து. வேண்டாம்னு சொல்லல. ஆனா பார்க்க இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும்!"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். இஞ்சினியரோ படத்தைக் கையில் திணித்துவிட்டு வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார். வேலை நடக்கும் இடத்தில் யார் வந்து நின்று திட்டுகிறாரோ, அவர் சொல்படி செய்துவிட்டால் வம்பில்லை. இருபத்தைந்து வருட அனுபவம் அது.

"இஞ்சினியர் கேட்டா என்னம்மா சொல்றது?"

"என்னைக் கைகாட்டு. நான் பேசிக்கறேன்."

"எதுக்கும்மா இவ்வளவு பிடிவாதம்?"

அந்த அம்மாவின் குரல் முதல் தடவையாகத் தணிந்தது. "என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்காருப்பா. இந்த ஓட்டுச் சரிவும் கலர் கண்ணாடி ஜன்னலும்னா அவருக்கு உயிரு. இது போச்சுன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு."

மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. சம்மட்டியைக் கீழே வைத்தார். "சரிம்மா. உள்ளே?"

"உள்ளே என்ன வேணா பண்ணிக்கோ. சமையலறையை இடி, ரூம் தடுப்பை எடு. எனக்கென்ன?"

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கெல்லாம் குடையோடு ஆஜர். வெளியே நின்றபடியே அதட்டி, ஒவ்வொரு ஓட்டையும் கழற்றிக் கழுவி, பழைய இடத்திலேயே பொருத்த வைத்தார். ஜன்னல் கட்டைகளைச் சுரண்டி எண்ணெய் பூசியபோது மேஸ்திரிக்கே கண்ணை எடுக்க மனமில்லை.

இருபதாம் நாள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய இளைஞர் வீட்டைப் பார்த்ததும் எகிறினார். மூக்கு மேல் கோபம்! அம்மாவின் பிள்ளையேதான் என்று மேஸ்திரி முடிவுகட்டிவிட்டார்.

"யாரைக் கேட்டு இந்தப் பழைய முகப்பை அப்படியே விட்டு வச்சீங்க?"

"அம்மா சொன்னபடிதான் தம்பி செஞ்சேன்."

"எந்த அம்மா?"

மேஸ்திரி திகைத்துப்போய்க் கையைக் காட்டினார். அந்த அம்மா ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு நேரே அவர் முன்னால் வந்து நின்றார்.

"வீடு உங்களதுதான் தம்பி, யார் இல்லைன்னா? ஆனா எதிர் வீட்டுக் கட்டில்ல படுத்துக்கிட்டு, நாள் பூரா இதைப் பார்க்கிறது என் வீட்டுக்காரர்!"