டிக்கிக்குள்ளே எல்லாம் இருக்கு

மனமகிழ் மன்றத்தில் சீட்டாட்டம் சூடு பிடித்த நேரம் பார்த்து ஜவுளிக்கடைக்காரரின் செல்போன் அலறியது. மனைவிதான். மதியச் சாப்பாட்டுக்கு மச்சான் வந்து உட்கார்ந்திருப்பார். சிறுநீரகக் கல் எடுத்த கதையை ஆறாவது தடவையாக அவிழ்த்துவிடுவார். கல்லைவிட அந்தக் கதைதான் வலிக்கும்.

சகாக்களுக்குச் சைகை காட்டிவிட்டு ஜன்னலோரம் ஒதுங்கினார். பின்னணிக்குத் தெரு இரைச்சல் வேண்டுமே!

“நடுரோட்டுல டயர் பஞ்சர்மா. வர ரெண்டு மணி நேரமாகும். நீங்க சாப்பிடுங்க.”

“ஐயோ பாவம். ஸ்டெப்னியை மாட்டுங்களேன்.”

“அதுலயும் காத்து இல்ல.”

“காத்தடிக்கிற பம்பு டிக்கியிலேயே இருக்கே. எங்கண்ணன் வாங்கிக் கொடுத்தது.”

“சரி... ஜாக்கி வேணுமே!”

“நீலப் பையில பாருங்க. பக்கத்துலயே கயிறு, டார்ச், பஞ்சு, மருந்து எல்லாம் இருக்கு.”

இவளுக்கு எப்படி இவ்வளவு மனப்பாடம்? அசந்துபோனாலும் அவர் அசரவில்லை. சாயம் போகாது என்று முப்பது வருஷமாகச் சத்தியம் பண்ணிச் சேலை விற்ற வாய் அல்லவா!

“பையைத் தலைகீழாக் கொட்டிட்டேன்மா. டிக்கிக்குள்ள தலையை விட்டுத் தேடிக்கிட்டுதான் இருக்கேன். ஜாக்கியைக் காணோம்.”

“அப்படியா? காலையில நீங்க கூட்டாளி வண்டியில ஏறிப் போனது மறந்துபோச்சா? நம்ம கார் வாசல்லதான் நிக்குது. நானும் அதே டிக்கிக்குள்ளதான் தலையை விட்டுக்கிட்டு நிக்கிறேன். ஜாக்கி இருக்கு. உங்க தலையைத்தான் காணோம்!”